விஜய் அமிர்தராஜ்: எல்லோரையும் வென்றவர் காலிறுதியைத் தாண்டாதது ஏன்?

கோவை_பேஸ்லைன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் லியாண்டர் பயஸும் விஜய் அமிர்தராஜும் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். ஆசியாவிலிருந்து அங்கே போன முதல் ஆண்கள் இவர்கள் இருவரும்தான். பயஸ் ஆட்டக்காரர் பிரிவில் போனார். விஜய் பங்களிப்பாளர் பிரிவில் போனார், அதாவது ஆட்டத்துக்கு வெளியே டென்னிஸுக்குச் செய்தவர்களுக்கான பிரிவு. அந்தப் பிரிவு அப்போதிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் சாம்ப்ரஸ் காலத்தின் கடைசியில் டென்னிஸ் பார்க்கத் தொடங்கியவன். எனக்கு விஜய் என்றால் விம்பிள்டன் வர்ணனையில் கேட்ட அந்த நிதானமான குரல்தான். பிறகு பழைய முடிவுகளைத் தேடிப் படித்தேன். ராட் லேவரை வென்றிருக்கிறார். போர்க்கை வென்றிருக்கிறார். கானர்ஸை வென்றிருக்கிறார். மெக்கன்ரோவையும் வென்றிருக்கிறார். நால்வரும் உலகின் முதலிடத்தில் இருந்தவர்கள். ஒற்றையர் பட்டங்கள் மட்டும் பதினைந்துக்குக் குறையாது.

ஆனால் கிராண்ட்ஸ்லாம் என்று சொல்லும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையரில் நான்கே காலிறுதிகள். விம்பிள்டனில் 1973, 1981. யு.எஸ். ஓப்பனில் 1973, 1974. அதற்கு மேல் ஒரு முறைகூடப் போகவில்லை. தரவரிசையில் அவர் தொட்ட உயரம் 1980 ஜூலையில் 18-ஆம் இடம். இந்த இரண்டு பட்டியலும் ஒரே ஆளுடையது என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அவரைத் தொடர்ந்து கவனித்தவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

பழைய_மெட்ராஸ் எழுதியது:

தம்பி, 1973-இலிருந்து தொடங்குவோம். அந்த வருஷம் புரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

யூகோஸ்லாவியாவின் நிக்கோலா பிலிச், நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பைக்கு வரவில்லை என்று அவருடைய நாட்டுச் சங்கம் தடை போட்டது. அதைக் கண்டித்து 81 ஆட்டக்காரர்கள் அந்த ஆண்டு விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள். முந்தைய சாம்பியனான ஸ்டான் ஸ்மித், நியூகோம், ரோஸ்வால் என்று பெரிய தலைகள் பலர் இல்லை. விஜய்க்கு வயது 19. காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடெஷ். ஐந்து செட் போனது. ஐந்தாவது செட் 7-5 என்று கோடெஷுக்குப் போனது. அவர் அப்படியே மேலே போய்க் கோப்பையையும் வாங்கிவிட்டார்.

அரையிறுதியில் காத்திருந்தவர் யார் என்று பாருங்கள். ரோஜர் டெய்லர். இறுதியில் அலெக்ஸ் மெத்ரவேலி. இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், ஆனால் விஜய் பயப்பட வேண்டிய ஆட்கள் இல்லை. ஐந்தாவது செட்டில் இரண்டு கேம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் மெட்ராஸ் பையன் ஒருவன் விம்பிள்டன் கோப்பையோடு எழும்பூரில் வந்து இறங்கியிருப்பான் என்று நாங்கள் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறோம்.

அதே கோடையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த போட்டியின் இறுதியில் கானர்ஸைத் தோற்கடித்தார். பரிசாக வால்வோ கார் ஒன்று கிடைத்தது. அடுத்து நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் யு.எஸ். ஓப்பன். அங்கே லேவரை ஐந்து செட்டில் வென்றார். லேவர் அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார் என்பது உண்மை. ஆனாலும் லேவர் லேவர்தான். காலிறுதியில் ரோஸ்வால் வந்து நிறுத்தினார். அமெரிக்கப் பத்திரிகைகள் டென்னிஸின் எதிர்காலத்தை ஏ, பி, சி என்று எழுதத் தொடங்கியது அப்போதுதான். அமிர்தராஜ், போர்க், கானர்ஸ்.

டியூஸ்_40 எழுதியது:

அந்த ஏபிசி பட்டத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். மற்ற இரண்டு எழுத்துகளும் எங்கே போய் நின்றன என்று பார்த்தால் வலிக்கிறது. போர்க் 11 கிராண்ட்ஸ்லாம், கானர்ஸ் 8.

நெல்லை_நடுவர் எழுதியது:

எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த இழையில் வாழ்த்துகள் மட்டும் குவியக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கோவை நண்பர் கேட்டது நேரான கேள்வி, அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

விஜய் கையில் இருந்த ஆட்டங்களை விட்டவர். 1979 விம்பிள்டன் இரண்டாவது சுற்று. எதிரே போர்க், அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் தொடர்ந்து சாம்பியன். விஜய் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலை. நான்காவது செட் டை-பிரேக்கில் (செட் சமமாக நின்றால் அதை முடிவு செய்யும் கடைசி கேம்) போனது, ஐந்தாவது 6-2 என்று போர்க்குக்குப் போனது. போர்க் அந்த வருஷமும் கோப்பையை வாங்கினார்.

1981 விம்பிள்டன் காலிறுதி. எதிரே கானர்ஸ். முதல் இரண்டு செட்டும் விஜய்க்கு, 6-2, 7-5. பிறகு 4-6, 3-6, 2-6. இன்னும் ஒரே ஒரு செட் எடுத்திருந்தால் அரையிறுதி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஸ்கோர் கிடைக்காது.

1973-ஐயும் சேர்த்தால் மூன்று முறை ஐந்தாவது செட்டில், அதுவும் விம்பிள்டனில், மூன்று பெரிய ஆட்டங்கள். இது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உடல் தாங்கவில்லை என்பதுதான் என் கருத்து. 1979, 1981 ஆட்டங்களின் கடைசி செட் ஸ்கோரைப் பாருங்கள், 6-2, 6-2. சமமாகப் போராடித் தோற்றவரின் ஸ்கோர் இப்படி இருக்காது.

இன்னொன்று. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். 60-இல் நீல் ஃபிரேஸரிடமும் 61-இல் லேவரிடமும் தோற்றார், இருவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். அவரிடம் விஜய் அளவுக்கு வேகமான சர்வ் கிடையாது. இருந்தும் விஜயைவிட ஒரு படி மேலே போனார். ஆக, மெட்ராஸ்காரருக்கு முடியாத காரியம் என்று எதுவும் இல்லை.

பழைய_மெட்ராஸ் எழுதியது:

> உடல் தாங்கவில்லை என்பதுதான் என் கருத்து

நடுவர் சார், அந்த உடல் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சின்ன வயதில் நுரையீரல் கோளாறால் மருத்துவமனையும் வீடுமாக இருந்த குழந்தை அவர். திறந்த வெளியில் ஓடியாடினால் நல்லது என்றுதான் டென்னிஸ் பக்கம் கொண்டுபோனார்கள். அம்மா மேகி அமிர்தராஜ் சொந்தமாக அட்டைப்பெட்டி செய்யும் தொழில் நடத்தி, அதில் வந்த வருமானத்தில்தான் ஆனந்த், விஜய், அசோக் மூன்று பேரையும் ஆட வைத்தார். அப்பா ராபர்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பயிற்சியாளர் ராமா ராவ். அவ்வளவுதான் அவருக்குப் பின்னால் இருந்த படை.

அந்நியச் செலாவணி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காலம். வெளிநாடு போகும் ஆட்டக்காரர் கையில் எவ்வளவு டாலர் கொண்டுபோகலாம் என்பதற்கே அரசிடம் நிற்க வேண்டும். கூடவே பயணம் செய்யும் பயிற்சியாளர், பிசியோ என்பதெல்லாம் கனவிலும் கிடையாது. போர்க்குடன் லெனார்ட் பெர்கெலின் நிழல் மாதிரி கூடவே இருந்தார். விஜயுடன் இருந்தது அண்ணன் ஆனந்த் மட்டும்தான், அவரும் அதே போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்.

மூன்று தம்பி அண்ணன்களும் விம்பிள்டன் ஆடினார்கள். அசோக் 1974-இல் விம்பிள்டன் ஜூனியர் இறுதி வரை போனார். இன்றைக்கு அவரை ஹாலிவுட் தயாரிப்பாளராகத்தான் பலருக்குத் தெரியும். அந்த வீட்டின் கதையில் அம்மாவின் பங்கு சரியாகப் பேசப்படவே இல்லை என்பது என் ஆதங்கம்.

புல்தரை எழுதியது:

எல்லோரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இந்தக் கேள்விக்கான பெரிய பதில் அங்கேதான் இருக்கிறது.

கோவை நண்பர் கொடுத்த பட்டியலை மறுபடி பாருங்கள். யு.எஸ். ஓப்பன் காலிறுதிகள் 1973, 1974. அதோடு நின்றுவிட்டது. ஏன் அந்த இரண்டு ஆண்டுகள் மட்டும்? யு.எஸ். ஓப்பன் புல்தரையில் நடந்த கடைசி ஆண்டு 1974. 1975-இல் ஃபாரஸ்ட் ஹில்ஸில் புல்லை எடுத்துவிட்டுப் பச்சைக் களிமண் போட்டார்கள். 1978-இல் ஃப்ளஷிங் மெடோஸுக்குப் போய் ஹார்ட் கோர்ட் எனும் கெட்டித் தரை ஆனது.

1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாமில் மூன்று புல்தரை. விஜய் வளர்ந்தது புல்லில் ஆடும் மரபில். கல்கத்தா சவுத் கிளப் புல்லில் டேவிஸ் கோப்பை ஆடிப் பழகிய மரபு அது. ராமநாதன், ஜெய்தீப் முகர்ஜி, பிரேம்ஜித் லால் எல்லோரும் அந்த வழி வந்தவர்கள்தான். உயரமான ஆள், சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடி, பந்து தரையில் படும் முன்பே வாலி அடிப்பவர், ஒரு கை பேக்ஹேண்டில் பந்தைத் தாழ்வாகச் சறுக்க விடுபவர். புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும்போது இந்த ஆட்டத்துக்கு முழு மதிப்பு கிடைக்கும். களிமண்ணில் பந்து நின்று எழும்பும். நெட்டுக்கு வருபவனை இடுப்பு உயரத்தில் பந்தை வாங்கிக் கடந்து அடிக்க எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும்.

அவருக்கு 21 வயது ஆவதற்குள் அமெரிக்கப் புல் போய்விட்டது. மிச்சம் இருந்த புல்தரைப் போட்டிகளில் ஆஸ்திரேலியாவுக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் போவதே இல்லை. வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் நேரத்தில், அவ்வளவு தூரம் போய் ஆட யாருக்கும் ஆர்வமில்லை. போர்க்கே ஒரு முறைதான் போனார். ஆக, விஜய்க்கு வருஷத்தில் மிஞ்சியது இரண்டே வாரம், விம்பிள்டன். இரண்டு வாரத்தில் ஒரு நாள் தடுமாறினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ராமநாதனோடு ஒப்பிட்ட நடுவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960, 61 அமெச்சூர் காலம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் விம்பிள்டனில் ஆட முடியாது. கொன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் போன்ற பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் யாரும் அந்த டிராவில் (ஆட்டப் பட்டியலில்) இல்லை. ராமநாதனைக் குறைத்துச் சொல்லவில்லை, அவருடைய கைவித்தையை என் அப்பா சொல்லிக் கேட்டே பிரமித்திருக்கிறேன். ஆனால் இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நெல்லை_நடுவர் எழுதியது:

தரை பற்றிய கருத்து கனமானது, யு.எஸ். ஓப்பன் விஷயத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நான் சொன்ன மூன்று ஆட்டமும் விம்பிள்டன் புல்லில் நடந்தவை. அங்கே தரை அவர் பக்கம்தான் இருந்தது. அமெச்சூர் காலம் என்பது 1973 புறக்கணிப்புக்கும் பொருந்தும். அந்த டிராவும் முழுமையான டிரா இல்லை, அதிலும் காலிறுதிதான்.

டபுள்ஸ்_மீனா எழுதியது:

இவ்வளவு நேரமாக ஒற்றையர் மட்டுமே பேசுகிறீர்கள். 1976 விம்பிள்டன் இரட்டையரில் விஜயும் ஆனந்தும் அரையிறுதி ஆடியிருக்கிறார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் எனக்கு அவருடைய ஆட்ட வாழ்க்கையின் மையம் எந்த கிராண்ட்ஸ்லாமும் இல்லை. 1974 டேவிஸ் கோப்பைதான். அதைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது.

கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவோடு கிழக்கு மண்டல இறுதி. அப்போது டேவிஸ் கோப்பையில் டை-பிரேக் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் போய்க்கொண்டே இருக்கும். விஜயும் ஆனந்தும் ஆடிய இரட்டையர் ஆட்டத்தின் ஸ்கோரை எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. மொத்தம் 99 கேம். ஒரே ஆட்டம்! நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர் என்று ஐந்து ஆட்டமும் சேர்த்து அந்தப் போட்டியில் ஆடப்பட்டது 327 கேம். மே மாதக் கல்கத்தா வெயிலில். இந்தியா 3-2 என்று ஜெயித்தது.

உடல் தாங்காதவர் என்கிறார் நெல்லை நடுவர். 99 கேம் தாங்கிய உடல் அது.

அடுத்து புனாவில் சோவியத் யூனியனை வென்று இறுதிக்குப் போனார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் ஆடாமல் முடிவான ஒரே இறுதி அதுதான். அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று நான்கு நாடுகள் மட்டுமே தொட்ட கோப்பை அது. ஐந்தாவது பெயராக இந்தியா பொறிக்கப்பட்டிருக்க வேண்டிய இடம்.

விஜய்க்கு அப்போது 20 வயது, ஆனந்துக்கு 22. ஆட்டத்தின் உச்சியில் இருந்த இரண்டு பேர். அந்த வாய்ப்பு அவர்கள் கையை விட்டுப் போனதில் அவர்களுடைய தவறு எள்ளளவும் இல்லை.

டியூஸ்_40 எழுதியது:

மீனா அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். அந்த இறுதியில் ஆடி அவர்களைத் தோற்கடித்துக் காட்டியிருந்தால் அதுவே பெரிய பதிலடியாக இருந்திருக்காதா? ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1936-இல் பெர்லினில் செய்தது மாதிரி. விலகியதால் கோப்பை அவர்கள் அலமாரிக்குத்தானே போனது?

டபுள்ஸ்_மீனா எழுதியது:

தம்பி, நிறையப் பேர் இப்படிக் கேட்பார்கள். நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நிறவெறி அரசுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அங்கீகாரம். மற்ற நாடுகள் தங்களோடு சாதாரணமாக வந்து ஆடுகின்றன என்று காட்டிக்கொள்ள வேண்டும். தோற்றாலும் அவர்களுக்கு அது லாபம்தான். தென்னாப்பிரிக்காவில் நம் மக்களே லட்சக்கணக்கில் ஒடுக்கப்பட்டிருந்தார்கள், அதில் தமிழர்கள் எத்தனை பேர்! டர்பனில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பொது மைதானத்தில் வெள்ளையரோடு சேர்ந்து ஆட முடியாத நாடு அது. அந்த நாட்டோடு கோப்பைக்காகக் கைகுலுக்க முடியாது.

பெர்லின் ஒப்பீடு எனக்கு ஒத்துவரவில்லை. ஓவன்ஸ் நான்கு தங்கம் வாங்கிய பிறகும் ஹிட்லரின் விழா ஹிட்லரின் விழாவாகத்தான் நடந்து முடிந்தது.

முடிவு சரி. அதற்கான விலையை ஆட்டக்காரர்கள் கொடுத்தார்கள். நாம் அதற்கு அவர்களுக்கு என்ன திருப்பிக் கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி. அந்த 1974 அணிக்குக் கோப்பை வென்ற அணிக்குரிய மரியாதையை நாடு செய்திருக்க வேண்டும்.

நெல்லை_நடுவர் எழுதியது:

மீனா அவர்கள் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 99 கேம் பற்றி மட்டும் ஒன்று. அது இரட்டையர், பாதித் தரையைத்தான் ஒருவர் பார்க்க வேண்டும். ஒற்றையரில் கானர்ஸ் மாதிரி ஓட வைப்பவரோடு ஐந்து செட் என்பது வேறு வகைக் களைப்பு.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடித்தார், அமெரிக்காவிலேயே வீடு வைத்துக்கொண்டார். இந்தக் கவனச்சிதறல் எதுவும் போர்க்குக்கும் லெண்டலுக்கும் இல்லை.

பழைய_மெட்ராஸ் எழுதியது:

சார், வருஷத்தைப் பாருங்கள். பாண்ட் படம் வந்தது 1983. விஜய்க்கு 29 வயது. நீங்கள் குறை சொல்லும் மூன்று ஆட்டமும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

அதற்கு அடுத்த வருஷம் என்ன நடந்தது? 1984-இல் மெக்கன்ரோ 82 ஆட்டம் ஜெயித்து மூன்றே மூன்றில் தோற்றார். ஆண்கள் டென்னிஸில் அப்படி ஒரு வருஷம் அமைவது அபூர்வம். அந்த மூன்று தோல்வி எவை? பாரிஸில் பிரெஞ்ச் ஓப்பன் இறுதியில் லெண்டலிடம் ஒன்று. டேவிஸ் கோப்பை இறுதியில் ஸ்வீடனின் சுண்ட்ஸ்டிராமிடம் ஒன்று. மூன்றாவது சின்சினாட்டி முதல் சுற்றில், விஜய் அமிர்தராஜிடம். அதுவும் முதல் செட்டை டை-பிரேக்கில் விட்டுவிட்டு 6-2, 6-3 என்று அடுத்த இரண்டையும் எடுத்தார். ஹார்ட் கோர்ட்டில். 30 வயதில்.

படத்தில் நடித்ததால் ஆட்டம் போய்விட்டது என்றால் இந்த முடிவு எப்படி வந்தது?

கோவை_பேஸ்லைன் எழுதியது:

இந்த 1984 கணக்கு எனக்குப் புதிது. சிலிர்த்துவிட்டது. மெக்கன்ரோவின் 82-3 எல்லோருக்கும் தெரியும், அந்த மூன்றில் ஒன்று நம்முடையது என்பது தெரியாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. உலகின் முதல் ஆளைக் கூட ஒரு நாளில் வீழ்த்தும் திறமை அவரிடம் இருந்தது. கிராண்ட்ஸ்லாம் கேட்பதோ இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டம். அந்தத் தொடர்ச்சிக்குத்தான் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், பணம் எல்லாம் தேவைப்படுகிறது. நடுவர் சார் சொல்லும் களைப்பும் பழைய மெட்ராஸ் ஐயா சொல்லும் வசதிக்குறைவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை என்று நினைக்கிறேன்.

இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன 1987 பற்றி யாராவது எழுதுங்களேன். அந்த அணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ராமநாதனின் மகன் ரமேஷ் கிருஷ்ணனின் பெயர்தான் முதலில் வருகிறது.

புல்தரை எழுதியது:

வர வேண்டியதுதான். சிட்னி ஒயிட் சிட்டி புல்லில் ஆஸ்திரேலியாவோடு அரையிறுதி, 2-2 என்று நின்றபோது ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரைத் தோற்கடித்து இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனவர் ரமேஷ். இரண்டாவது சர்வ் எவ்வளவு மெதுவாக வரும், ஆனால் பந்தை வைக்கும் இடம்! அது தனி இழைக்குரிய விஷயம்.

ஆனால் அந்த அரையிறுதிக்கு வந்து சேர்ந்ததற்கு முதல் சுற்றில் விஜய் ஆடிய ஆட்டம் காரணம். டெல்லியில் அர்ஜென்டினா. இந்தியா பின்தங்கியிருக்கிறது. நான்காவது ஆட்டத்தில் மார்ட்டின் ஜைட்டேயிடம் விஜய் இரண்டு செட் கீழே. இன்னும் ஒரு புள்ளி விட்டால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட் வரை போய்விட்டார். அங்கிருந்து திரும்பி வந்து ஐந்து செட்டில் ஜெயித்தார். பிறகு ரமேஷ் ஐந்தாவது ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். 3-2.

விஜய்க்கு அப்போது 33 வயது. ஜைட்டே அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர், நல்ல தரவரிசையில் இருந்தவர். நடுவர் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் ஐந்து செட் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

டிசம்பரில் கோதன்பர்க்கில் இறுதி. ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்கில் களிமண் கொட்டி வைத்திருந்தார்கள். விலாந்தர், யாரிட். 5-0 என்று போனது. எதிர்பார்த்ததுதான், அந்தத் தரையில் நம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாது. 1974-இல் இறுதியில் ஆட முடியாத ஆள் பதிமூன்று வருஷம் கழித்து இறுதி ஆட்டத்தில் காலெடுத்து வைத்தார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நெல்லை_நடுவர் எழுதியது:

ஜைட்டே ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். மகிழ்ச்சியாகவே சேர்க்கிறேன். நாட்டுக்காக ஆடும்போது அவர் வேறு ஆளாக மாறிவிடுவார் என்பது 74-லும் 87-லும் தெரிகிறது. ஆனால் கானர்ஸ் ஆட்டம் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு செட் முன்னிலையில் இருப்பவர் அதை முடிக்க வேண்டும். அந்த ஆட்டத்தை ஜெயித்த கானர்ஸ் அரையிறுதியில் போர்க்கிடம் இதே மாதிரி இரண்டு செட் முன்னிலையை விட்டுத் தோற்றார் என்பது வேறு கதை.

டியூஸ்_40 எழுதியது:

ஹால் ஆஃப் ஃபேம் விஷயத்துக்கு வருவோம். பங்களிப்பாளர் பிரிவு என்பது ஆறுதல் பரிசா?

டபுள்ஸ்_மீனா எழுதியது:

நிச்சயமாக இல்லை. அவர் ஆட்டத்துக்கு வெளியே செய்ததை எழுதிப் பாருங்கள். 1989 முதல் 1993 வரை, ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் ஆட்டக்காரர்கள் மன்றத்துக்குத் தலைவர். ஆண்கள் டென்னிஸை நடத்துவதில் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு கிடைத்து 1990-இல் ஏடிபி டூர் தொடங்கியது அந்தக் காலகட்டத்தில்தான். 90-களின் நடுவில் இந்தியாவுக்கு ஏடிபி போட்டி வந்தது, 1997 முதல் இருபது வருஷம் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்தது. நடாலையும் வாவ்ரிங்காவையும் நேரில் பார்த்தோம். ஆசியாவில் போட்டிகள் வேண்டும் என்று விடாமல் பேசியவர்களில் முக்கியமானவர் விஜய்.

2019-இல் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவரானார். ஆண்கள் போட்டி புனாவுக்குப் போய்விட்ட பிறகு வெறிச்சோடிக் கிடந்த அதே நுங்கம்பாக்கத்துக்கு 2022 செப்டம்பரில் பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏவின் போட்டி வந்தது. பெண்கள் உலகத்தரத்தில் ஆடுவதைச் சென்னையில் என் மகள் உட்கார்ந்து பார்த்தாள். அதை நான் எந்தக் காலிறுதியோடும் ஒப்பிட மாட்டேன்.

இது தவிர 2001-இல் ஐ.நா. அமைதித் தூதர், பிறகு தன் பெயரில் அறக்கட்டளை.

பழைய_மெட்ராஸ் எழுதியது:

பேட் திட்டத்தை விட்டுவிட்டீர்களே அம்மா. பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ். 80-களின் நடுவில் மெட்ராஸில் அமிர்தராஜ் குடும்பம் தொடங்கியது. நாடு முழுவதிலிருந்தும் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்க இடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, பயிற்சி எல்லாம் கொடுத்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன் 1990-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினான், 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினான். பயஸ்தான் அது. விஜய்க்குக் கிடைக்காத வசதியை அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள், அது பலித்தது.

ஆக, நியூபோர்ட்டில் பயஸ் ஆட்டக்காரராகவும் விஜய் பங்களிப்பாளராகவும் போனதில் எனக்குக் குறை இல்லை. பயஸிடம் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் சேர்த்து 18 கிராண்ட்ஸ்லாம் இருக்கிறது. ஆட்டக்காரர் பிரிவில் அதைத்தான் பார்ப்பார்கள்.

நெல்லை_நடுவர் எழுதியது:

பயஸ் ஆட்டக்காரர் பிரிவு, விஜய் பங்களிப்பாளர் பிரிவு, இரண்டும் நியாயம். இதில் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

கோவை_பேஸ்லைன் எழுதியது:

நான் இன்னும் முழுக்க ஒத்துப்போகவில்லை. பங்களிப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவில் பெயரைப் பார்க்கும் இளைஞர்கள் அவரை நிர்வாகியாகவும் வர்ணனையாளராகவும் மட்டும் நினைத்துக்கொள்வார்கள். நானே அப்படித்தான் வளர்ந்தேன். லேவர், போர்க், கானர்ஸ், மெக்கன்ரோ நால்வரையும் வென்ற இந்தியர் வேறு யார்? அதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மீனா அக்கா எழுதிய 1974 கல்கத்தா போட்டியின் ஐந்து ஆட்டங்களின் ஸ்கோரையும் ஆட்டக்காரர் பெயரோடு தொகுத்து முதல் பதிவின் கீழே சேர்க்கப்போகிறேன். பழைய மெட்ராஸ் ஐயா, உங்களிடம் அந்தக் காலப் பத்திரிகைக் கத்தரிப்புகள் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஆனந்த் அமிர்தராஜ் பற்றி யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது. 99 கேம் ஆட்டத்தில் பாதி அவருடையது, இங்கே அவரைப் பற்றி நாம் நான்கு வரிகூட எழுதவில்லை.

பழைய_மெட்ராஸ் எழுதியது:

கத்தரிப்புகள் பரணில் இருக்கின்றன, எடுத்துப் போடுகிறேன். ஆனந்த் இழையை நானே தொடங்குகிறேன். 1974 யு.எஸ். ஓப்பனில் தம்பி போர்க்கை ஐந்து செட்டில் வென்றதை இங்கே யாரும் விரிவாக எழுதவில்லை, அதையும் அங்கே சேர்த்து எழுதுகிறேன். போர்க் அப்போது பிரெஞ்ச் ஓப்பன் சாம்பியனாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை.